இரண்டு விரல் காட்டிய ஞாயிறு

அன்று களத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். வெள்ளிமலை மாணவியர் விடுதியில் வார்டனாக இருக்கும் அவள். எங்களுக்கு கிக் பாக்சிங் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர். மாஸ்டர் என்றாலும் என்னைவிடப் பத்து வயது சின்னவர், மற்ற நாட்களில் ஜீப் ஓட்டுகிறவர். நர்சிங் படிக்கிற ஒரு பெண், அவளுடைய தங்கை. ஆறாவது ஆள் களத்துக்காரர். அவர் பயிற்சிக்கு வந்தவர் இல்லை. களத்தின் ஒரு பாதியில் சாமையைக் காயப் போட்டுவிட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தார். இன்னொரு பாதிதான் எங்களுக்கு.

வேறு ஒருவரும் இல்லை. இதைப் பல முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். யார் எங்கே நின்றார்கள், யாருக்கு என்ன தெரிந்திருக்கும், யாராவது என்னைப் பற்றித் தப்பாக நினைத்திருப்பார்களா என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் எண்ணுவேன். எண்ணுவது எனக்குப் பழக்கம். வாடகை அறையைப் பூட்டிவிட்டு வந்தால் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பது என் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. வீட்டுக்காரர் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். எங்கள் சொந்த ஊர் திருநாவலூர்ப் பக்கம். அம்மா அங்கே அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன் பண்ணுவாள். "கோயிலுக்குப் போனியாம்மா?" என்பாள். எங்கள் ஆட்களுக்கு சர்ச்தான் கோயில். "போனேம்மா" என்பேன். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக அது பொய்.

பொய் எங்கே ஆரம்பித்தது என்றால் ஒரு அடியில்.

ஒருத்தர் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து வண்டியைக் கேட்டார். ஆர்.சி. புத்தகத்தைக் காட்டுங்கள் என்றேன். முதலாளி அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார். அவருக்கு பஸ் பிடித்து வந்த களைப்போ என்னவோ, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அறைந்தார். இடது கன்னம். நான் கையைக்கூடத் தூக்கவில்லை. "சாரிங்கண்ணா" என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வலி மறுநாளே போய்விட்டது. அடித்தவரிடம் நான் சாரி சொன்னது மட்டும் போகவில்லை. டோக்கன் கிழிக்கும்போது, சோறு வடிக்கும்போது, திடீரென்று அந்த 'சாரிங்கண்ணா' என் காதில் என் குரலிலேயே கேட்கும்.

இன்னொரு முறை ஒருவர் கை ஓங்கினால் நான் கட்டையாக நின்றுவிடக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். யாரையும் திருப்பி அடித்து வீழ்த்துகிற ஆசையெல்லாம் இல்லை.

அப்போது ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் ஞாயிறு காலைகளில் கராத்தே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. போய் விசாரித்தேன். அங்கிருந்த மாஸ்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "அடிபடுமாங்க?"

"சேச்சே. நம்ப கிளாசுல ஒருத்தர ஒருத்தர் தொடவே மாட்டாங்கம்மா. தைரியமா சேருங்க."

அந்த ஒரு பதிலுக்காகவே சேர்ந்தேன். பயிற்சிப் பள்ளி தேர்ந்தெடுக்கிறவர்கள் எதையெல்லாமோ பார்ப்பார்கள். நான் பார்த்தது அடிபடாது என்பதை மட்டும். என்னைத் தவிர எல்லோரும் குழந்தைகள். வரிசையில் நான் ஒருத்திதான் தென்னை மரம் மாதிரி நிற்பேன். காற்றில் குத்துவோம், காற்றில் உதைப்போம், எல்லோரும் சேர்ந்து கத்துவோம். கத்துவதற்கே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பரீட்சைக்குப் பணம் கட்டினால் பெல்ட் கொடுப்பார்கள். மஞ்சள் வாங்கினேன், ஆரஞ்சும் வாங்கினேன். ஒரு வருடத்தில் ஒருவர் கைகூட என் மேல் பட்டதில்லை.

வார்டன் எங்கள் ஸ்டாண்டுக்கு வாடிக்கை. திங்கட்கிழமை காலை ஸ்கூட்டியை விட்டுவிட்டு மலைக்குப் பஸ் ஏறினால் ஞாயிறு மதியம்தான் வந்து எடுப்பாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். நான் மேடம் என்பேன். அவள் "டோக்கன் அக்கா" என்பாள். ஒரு திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் வந்தவள், மேசைக்கு முன்னால் நின்று ஹெல்மெட்டைக் கழற்ற இரண்டு கையையும் சட்டென்று தூக்கினாள். நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். டோக்கன் கட்டு கொட்டிப்போயிற்று.

"இன்னாக்கா, நான் இன்னா உன்ன அடிக்கவா வந்தேன்?"

வெட்கத்தில், கேட்காததையெல்லாம் சொன்னேன். ஒரு வருடமாகக் கராத்தே கற்றுக்கொள்கிறேன் என்பதையும் சொன்னேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் போகவில்லை.

"ஒரு வருசமாவா? கிளாசுல உன்ன எவனாவது அடிச்சிருக்கானா?"

"அங்க யாரும் தொடவே மாட்டாங்க மேடம்."

"அப்ப நீ கத்துக்கினது டான்ஸு." சிரித்துவிட்டு, டோக்கனைப் பொறுக்கிக் கொடுத்தபடி சொன்னாள்: "மலைல எங்க மாஸ்டர்கிட்ட ஒரு ஞாயித்துக்கெழம வந்து சும்மா குந்திப் பாரு. புடிச்சா சேரு, புடிக்கலன்னா கோமுகி டேம பாத்துட்டு எறங்கிடு."

ஞாயிறு எனக்கு விடுமுறை. முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். மலைப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து எங்கே இறங்குவது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

களத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். நர்சிங் பெண்ணும் வார்டனும் கையுறை மாட்டிக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். தொடங்கும் முன் இரண்டு பேரும், பல்லால் பட்டையை இழுத்துக் கையுறையைக் கழற்றி, விரலைக் காட்டினார்கள். ஒருத்தி மூன்று, ஒருத்தி இரண்டு. திரும்ப மாட்டிக்கொண்டார்கள்.

மாஸ்டர் எனக்கு விளக்கினார். "ஒரு விரல்னா தூங்கற கொழந்தைய தொட்ற மாதிரி. ரெண்டுன்னா கதவு தட்ற மாதிரி. மூணுன்னா உண்மையா அடிக்கறது, ஆனா காயம் பண்ண இல்ல. ரெண்டு பேர்ல யாரு கம்மியா காட்றாங்களோ அதான் கணக்கு. ஜாஸ்தி காட்டுனவங்க எறங்கி வரணும்."

"நான் எப்பவுமே ஒன்னு காட்டலாங்களா?"

"வருசம் பூரா காட்டுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

அன்றே சேர்ந்தேன். முதல் முறை கையுறை என் தோளில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கவில்லை. ஒரு கை என் மேல் வந்து, பட்டு, திரும்பிப் போய்விட்டது. பின்னால் திட்டு இல்லை, கோபம் இல்லை. இப்படியும் ஒரு அடி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. வார்டன் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "அழுதுட்டு வா, நாங்க வெய்ட் பண்றோம், இன்னா அவசரம்" என்றாள்.

பயிற்சி முடிந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் இறங்குவோம். விடுதிச் சமையல்கார அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை மடியில் வைத்துப் பிரிப்பாள். ஊறுகாயை எனக்குத் தள்ளிவிடுவாள். விடுதிப் பிள்ளைகளின் கதை, வீட்டுக்காரர் குறட்டை, மாமியாரின் சீரியல், எல்லாம் சொல்வாள். எத்தனாவது ஞாயிறில் மேடம் போய் நீ வந்தது என்று தெரியவில்லை. வாரம் முழுக்க நான் பேசுவது "பத்து ரூபா", "டோக்கன் பத்திரம்", "வண்டிய சைடு லாக் போடாதீங்க" இவ்வளவுதான். மீதிப் பேச்செல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். ஸ்டாண்டில் கட்டுக்குக் கட்டு நாற்பத்தொன்றாம் எண் டோக்கனை அவளுக்கென்று தனியாக எடுத்து ஆணியில் மாட்டிவைத்திருந்தேன். அவளுக்கு அது தெரியாது.

ஒரு விரலிலேயே மூன்று மாதம் ஓடியது. இங்கேதான் ஒரு கோளாறு. ஒரு நாள் நர்சிங் பெண் தயங்கித் தயங்கி மாஸ்டரிடம் சொன்னாள்: "அக்கா ஒன்னுதான் காட்டுது மாஸ்டர். ஆனா வலிக்குது."

நான்தான் எல்லோருக்கும் பயந்தவள், என் அடி யாருக்கு வலிக்கும்?

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. "பயந்தவங்க அடிதான்க்கா கனமா வுழும். அடிக்கறப்ப கண்ண மூடிக்கறீங்க. கண்ண மூடுனா கை எவ்ளோ போவுதுன்னு உங்களுக்கே தெரியாது. தொறந்து வெச்சிக்குங்க, போதும்."

திறந்து வைக்கத்தான் பார்த்தேன். அறையில் கண்ணாடி முன்னால் நின்று, இமைக்காமல் இருபதுவரை எண்ணிப் பழகினேன். கண்ணாடி யாரையும் அடிக்க வராது.

அந்த ஞாயிறு மலையில் நல்ல பனி. களத்தின் மூலையில் நின்றவர் முகம் தெரியாத அளவுக்கு இருந்தது, பிறகு கலைந்தது. எனக்கு ஜோடியாக வந்தது அவள்தான்.

"இன்னிக்காவது ரெண்டு காட்டுக்கா. ஒன்னுலியே ரிட்டயர் ஆயிடப் போற" என்றாள்.

தங்கை சிரித்தாள். களத்துக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு காட்டினேன். அவளும் இரண்டு காட்டினாள். ஏன் காட்டினேன் என்று கேட்டால், அவள் சந்தோஷப்படுவாள் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் இல்லை.

அவள் கை என் இடது கன்னத்தில் பட்டது. கதவு தட்டுகிற மாதிரிதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. என் கண் மூடிக்கொண்டது. மூடிய கண்ணுக்குள் வண்டி ஸ்டாண்டு மேசை. நான் கட்டையாக நிற்கிறேன் என்று அவள் புரிந்துகொண்டிருக்கிறாள், மாஸ்டர் பிறகு சொன்னார். விளையாட்டை நிறுத்தி ஓரடி பின்னால் போய், பல்லுக்கு மாட்டியிருந்த ரப்பர் காப்பை வெளியே எடுத்துவிட்டாள்.

"பாத்தியா, செத்தாப் போய்ட்ட?" என்று சிரிப்போடு கேட்டாள்.

அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அவள் குரல் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் கை போய்க்கொண்டிருந்தது. மூன்று விரலுக்கும் மேலே ஒன்று இருந்தால் அது.

கண்ணைத் திறந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். விரல் இடுக்கில் ரத்தம். மாஸ்டர் துண்டோடு ஓடினார். நர்சிங் பெண் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "முன்னாடி பல்லு பாதி இல்ல. ஒடஞ்ச துண்டு எங்கன்னு தேடுங்க, டாக்டர் கேப்பாங்க" என்றாள்.

துண்டு சாமைக்குள் விழுந்திருந்தது.

களத்தின் அந்தப் பாதி முழுக்க வெளுத்த, பொடிப்பொடியான தானியம். அதில் அரைப் பல்லைத் தேட வேண்டும். நான், தங்கை, களத்துக்காரர் மூன்று பேரும் மண்டி போட்டுக் கையால் அலசினோம். எனக்குக் கண்ணீரில் எல்லாமே பல்லாகத் தெரிந்தது. களத்துக்காரர் புலம்பிக்கொண்டே தேடினார்: "கெடைக்கலன்னா எந்த வூட்டு சோத்துல வந்து நிக்கப் போவுதோ. தொட்டு வெளாட்றோம்னு சொல்லித்தானேப்பா களத்த கேட்டீங்க?" கடைசியில் தங்கைதான் கண்டுபிடித்தாள். டீக்கடைப் பாலை ஒரு சின்னக் கவரில் வாங்கி அதில் போட்டுக்கொண்டு, மாஸ்டர் ஜீப்பில் கீழே இறங்கினோம். அவள் முன் சீட்டில், நான் பின்னால். வளைவுக்கு வளைவு சாரி சொன்னேன். ஒரு வளைவில் அவள் திரும்பாமலே கையைத் தூக்கி, போதும் என்று காட்டினாள்.

பல் டாக்டர் அந்தத் துண்டு உதவாது என்றார். நரம்புவரை உடைந்திருக்கிறது, வேர் சிகிச்சை செய்து மேலே தொப்பி போட வேண்டும், ஏழாயிரம் ஆகும் என்றார். பர்சில் இருந்த ஆயிரத்தை அங்கேயே கட்டினேன். மீதியை மாதா மாதம் ஐந்நூறாகத் தருகிறேன் என்று அவள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். அவளைத் திரும்பிப் பார்த்தார்.

பஞ்சு வைத்த வாயோடு அவள் சொன்னாள்: "பரவால்லிங்க. தெரிஞ்சா பண்ணீங்க."

அதற்கு முன் அவள் என்னிடம் அப்படி மரியாதையாகப் பேசியதே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஸ்கூட்டி வரவில்லை. வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டு வாசலில் இறக்கிவிட்டார். முகத்தில் மாஸ்க். அதற்கப்புறமும் அப்படித்தான். களத்துக்கும் வரவில்லை. பல் சரியாகட்டும் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டாளாம்.

நான் போனேன். மாஸ்டரே போன் பண்ணியிருந்தார். "வாங்கக்கா. நீங்க நின்னுட்டா அந்த அடி அங்கியே நின்னுடும். மூணு மாசம் ஒன்னு மட்டும். நான்தான் ஜோடி. கண்ண மூடுனா அன்னிக்கு கிளாஸ் முடிஞ்சிது, அவ்ளோதான்." முதல் ஞாயிறு என் வகுப்பு பத்து நிமிடத்தில் முடிந்தது. களத்தோரம் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினேன். பிறகு கால் மணி. பிறகு அரை மணி. ஒரு முறை பஸ்ஸுக்கு நடக்கும்போது விடுதி மாடியில் அவள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். அவ்வளவு தூரத்தில் சிரித்தாளா என்று தெரியவில்லை. மாஸ்க் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் என் பையை வைத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டாண்டில் வண்டி விடுகிற தாய்மார்கள் சிலருக்கு நான் வகுப்புக்குப் போவது தெரிந்துவிட்டது. "பொண்ண எதுல சேக்கலாம், அடியெல்லாம் படாதே?" என்று கேட்கிறார்கள். நான் கேட்ட அதே கேள்வி. சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள் என்கிறேன். தொடவே மாட்டோம் என்கிற இடத்தில் குழந்தைக்குக் காற்றை அடிக்கத்தான் வரும். எடுத்த எடுப்பில் மூக்கு உடைக்கிற இடத்தில் பயம்தான் வளரும். எவ்வளவு அடி என்பதைப் பிள்ளையே சொல்ல முடிகிறதா, சொன்னால் எதிராளி இறங்கி வருகிறாளா, கை கனமானால் நிறுத்த ஒரு ஆள் நிற்கிறாரா, அதைப் பாருங்கள். இன்னொன்றும் சொல்ல நினைப்பேன்: உங்கள் பெண் அடி வாங்குவாளா என்று மட்டும் கவலைப்படாதீர்கள், அடித்துவிடுவாளா என்றும் கொஞ்சம் கவலைப்படுங்கள். அதைச் சொல்ல வாய் வருவதில்லை. டோக்கனைக் கிழித்துக் கொடுத்துவிடுவேன்.

போன வாரம் ஒருவர் டோக்கன் இல்லாமல் வந்தார். ஆர்.சி. கேட்டேன்.

"இன்னாடி, என்னையே திருடன்னு சொல்றியா?" என்று மேசையைச் சுற்றி உள்ளே வந்தார். கை உயர்ந்தது.

நான் அரையடி பின்னால் போனேன். இரண்டு கையும் முகத்துக்கு முன்னால் வந்து நின்றன. அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தேன். அவ்வளவு நேரமும் கண் திறந்திருந்தது. நான் அடிக்கவும் இல்லை.

"ஆர்.சி. காட்டுங்க, வண்டிய எடுங்க" என்றேன்.

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முனகிக்கொண்டே போனில் ஆர்.சி. போட்டோவைத் தேடிக் காட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை. முதலாளியிடம் சொன்னால் வாடிக்கையாளரிடம் தகராறு எதற்கு என்பார். அம்மாவிடம் சொன்னால் கராத்தேயிலிருந்து பொய்வரை எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். சொல்ல வேண்டிய ஆள் ஒருத்திதான். போனில் அவள் எண்ணை எடுத்து வைத்துப் பார்த்தேன். வேலை நேரத்தில் தொந்தரவாகிவிடுமோ, வேலை முடிந்தால் பிள்ளைகளோடு இருப்பாளோ, நான் பேசினால் பல் ஞாபகம் வருமோ என்று யோசித்து யோசித்து எடுத்து வைத்தபடியே விட்டுவிட்டேன்.

இன்று ஒன்றாம் தேதி. அவள் வீட்டுக்காரர் வந்தார். வண்டியை அணைக்காமலே நின்றார். ஐந்நூறை நீட்டினேன்.

"வாணாம்னுதாங்க சொல்றா" என்றார். ஒவ்வொரு மாதமும் சொல்வதுதான். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார்.

"பல்லு எப்டி இருக்குதுங்க?"

"நல்லாதான் இருக்குது. கரும்பெல்லாம் கடிக்கறா."

"அவங்ககிட்ட ஒன்னு சொல்றீங்களா?" என்றேன். "கண்ண மூடலன்னு சொல்லுங்க."

"இன்னாது?" வண்டிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது.

"ஒன்னுமில்லிங்க. கேட்டதா சொல்லுங்க."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆணியில் நாற்பத்தொன்று அப்படியே தொங்குகிறது. நோட்டைத் திறந்து எழுதினேன். அன்று கட்டிய ஆயிரம், ஐந்நூறு ஐந்நூறாக ஆறு மாதம், ஆக நாலாயிரம் போயிற்று. பாக்கி மூவாயிரம் ரூபாய்.